யார் கொடுத்த பால்

டொக்டர் சுதர்சினி மாத்தளை ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளைகளின் வாட்டுக்கு வந்தபோது அவளுடைய ஆராய்ச்சியில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. மாதம் நிறையாமல் ஒரு பிள்ளை பிறக்கிறது, தாய்க்கு இன்னும் பால் ஊறவில்லை. அந்தப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் அவ்வளவு சின்ன குடல் சில வேளை தாங்காது. வயிறு ஊதும், பச்சையாக வாந்தி வரும், சிலதைக் காப்பாற்ற முடியாமலும் போகும். வேறொரு தாயின் பால் அந்த ஆபத்தைக் குறைக்கும் என்பது டொக்டர்மாருக்குத் தெரிந்த விஷயம்தான். அதை மாத்தளைப் பக்கத்தில் நடத்திக்காட்ட முடியுமா, குடும்பங்கள் ஏற்றுக்கொள்ளுமா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை.

வாட்டை ஒட்டிய அறையில் ஒரு குளிர்ப்பெட்டியும், பாலைச் சூடாக்கிக் கிருமியை நீக்கும் இயந்திரமும் வைத்திருந்தார்கள். தங்கள் பிள்ளைகளோடு வாட்டில் தங்கியிருக்கும் தாய்மாரில் பால் மிஞ்சுகிறவர்கள் அதை எடுத்துக் கொடுப்பார்கள். இரத்தம் சோதித்துப் பார்த்த பிறகுதான் வாங்குவது. மூன்று நான்கு பேருடைய பாலைக் கலந்து, சூடாக்கி, ஆறவைத்து, சின்னச் சின்ன போத்தல்களில் உறையவைப்பார்கள். போத்தலில் திகதி இருக்கும், இலக்கம் இருக்கும், பெயர் மட்டும் இருக்காது. கொடுத்தவர் யாரென்று வாங்குகிறவருக்குத் தெரியக்கூடாது, வாங்குகிறவர் யாரென்று கொடுத்தவருக்கும் தெரியக்கூடாது என்பது ஆராய்ச்சியின் விதி. இரண்டு பக்கத்தாருக்கும் பின்னால் எந்தத் தொல்லையும் வரக்கூடாதென்றுதான் அப்படி வைத்திருந்தார்கள்.

சிங்களக் குடும்பங்கள் அநேகமாகச் சம்மதித்தன. தோட்டத்திலிருந்து வந்தவர்களும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார்கள். முஸ்லிம் குடும்பங்கள் மட்டும், கேட்டவுடனே, மரியாதையாக, வேண்டாம் என்றன. சமயக் காரணம் என்று எழுதிக்கொண்டு சுதர்சினி அடுத்த கட்டிலுக்குப் போவாள். வாட்டின் பெரிய டொக்டரும் யாரையும் வற்புறுத்தக்கூடாது, அது அவர்களுடைய உரிமை என்று சொல்லியிருந்தார்.

ஸஜீதாவின் மகள் பிறந்தது அந்தச் சமயத்தில்தான். ஸஜீதா உக்குவளைக்காரி. கணவன் நிஸ்தார் தோட்டக்காரரிடம் மிளகும் கிராம்பும் வாங்கி மாத்தளைக் கடைத்தெருவில் விற்கிறவன். கலியாணமாகி நீண்ட காலத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. திடீரென்று பிரஷர் ஏறி ஸஜீதாவுக்கு வலிப்பு வந்துவிட்டதால் அவசரமாக ஒப்பரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பிள்ளை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட. தாய் மேல்மாடியில் தீவிர சிகிச்சையில், பிள்ளை கீழே கண்ணாடிப் பெட்டிக்குள். நிஸ்தார் படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வான். கையைக் கழுவிவிட்டு உள்ளே விட்டுத் தொடலாம் என்று தாதிமார் சொன்னபோதும் அவன் தொடவில்லை.

பிள்ளையின் குடல் வேலை செய்யப் பழக வேண்டும், இனியும் சேலைனில் மட்டும் வைத்திருக்க முடியாது என்ற நிலை வந்தது. சுதர்சினி நிஸ்தாரிடம் போய் விளக்கினாள். அவன் முழுதும் கேட்டுவிட்டு, மன்னிச்சுக்கங்க டொக்டர், அது எங்களுக்குச் சரிவராது என்றான்.

வழக்கம்போல அவள் திரும்பியிருக்கலாம். ஆனால் அவனுடைய முகத்தைப் பார்த்தபோது வேண்டாம் என்று சொன்ன மனிதனின் முகமாக அது தெரியவில்லை. கேட்கத் தயங்கி நிற்கிறவனின் முகமாக இருந்தது. அதனால் அவள், சம்மதிக்க முடியாத அளவுக்கு எது தடுக்கிறது என்று கேட்டாள். இதுவரை அவள் யாரிடமும் அதைக் கேட்டதில்லை.

"பால் வேணாம்னு நான் சொல்ல வரல்ல டொக்டர்," என்றான் நிஸ்தார். "யாருட பால்னு தெரியணும். அவ்வளவுதான்."

பிறகு அவன் நிதானமாக விளக்கினான். ஒரு பிள்ளைக்கு வேறொரு தாய் பால் கொடுத்தால், அந்தத் தாய் அந்தப் பிள்ளைக்குப் பால் உம்மா, பால்தாய். அவளுடைய பிள்ளைகள் இந்தப் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. நாளைக்கு வளர்ந்த பிறகு அவர்களுக்குள் கலியாணம் முடிக்க முடியாது. நாலு பேருடைய பாலைக் கலந்து பெயரில்லாமல் கொடுத்தால் தன் மகளுக்கு எங்கெங்கே சகோதரர்கள் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? மாத்தளை என்ன அவ்வளவு பெரிய ஊரா? பால் கொடுக்கிறவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் உறவு உறவுதான் என்று, வாட்டில் பால் அறை இருப்பதைக் கேள்விப்பட்ட அன்றே, பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தான்.

சுதர்சினியின் ஆராய்ச்சிக் கேள்வியில் பிழையில்லை, ஆனால் அது பாதிக் கேள்வி என்று அவளுக்குத் தோன்றியது. பெரிய டொக்டரிடம் போனாள். ஒரே ஒரு தாயின் பாலை, கலக்காமல், இரண்டு குடும்பமும் தெரிந்து சம்மதித்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டாள். ஆராய்ச்சியின் விதியை மாற்றுவதென்றால் அதற்கு அனுமதி தந்த நெறிமுறைக் குழுவிடம் கேட்க வேண்டும், அதற்குள் இந்தப் பிள்ளை காத்திருக்காது என்றார். சிகிச்சை என்ற முறையில் தான் பொறுப்பெடுத்து இதைச் செய்யலாம், ஆனால் இந்தப் பிள்ளையை அவளுடைய ஆராய்ச்சிக் கணக்கில் சேர்க்க முடியாது, கொடுக்கிற தாயையும் சேர்க்க முடியாது என்றார். சுதர்சினிக்குக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. கொடுக்கக்கூடிய தாய்மாரே சிலர்தான். ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டு வந்தாள்.

யாரைக் கேட்பது என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ரிவர்ஸ்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த விஜிதாவுக்குப் பால் தாராளமாக இருந்தது. அவளுடைய மகனும் முந்திப் பிறந்தவன்தான். கணவன் முத்துவீரனுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை, வாரத்தில் ஒருநாள்தான் இறங்கி வர முடியும். விஜிதா எந்நாளும் காலையில் குளித்துத் தலையைக் கட்டிக்கொண்டு, மகனுக்கு வேண்டியதை எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தைப் பால் அறைக்குக் கொடுத்து வந்தாள். எங்கே போகிறதென்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை.

சுதர்சினி விஷயத்தைச் சொன்னதும் விஜிதா முதலில் பயந்துபோனாள். பெயரில்லாமல் கொடுப்பது அவளுக்கு லேசாக இருந்தது. இன்னாருடைய பிள்ளைக்கு என்று கொடுப்பது வேறு மாதிரி இருந்தது. முத்துவீரனிடம் போனில் கேட்டாள். அவன் வேண்டாம் என்றான். அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு ஏதாவது ஆனால் நம்முடைய பாலைத்தான் சொல்வார்கள், நமக்கு எதற்கு வீண் பொல்லாப்பு என்றான்.

விஜிதா போனை வைத்துவிட்டு எழுந்து போய், தன் மகனின் பெட்டிக்கு எதிர்ப்பக்கம் இருந்த பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். மூக்கில் குழாயும், தலையில் தாதிமார் பின்னிப்போட்ட மஞ்சள் தொப்பியுமாக அந்தப் பிள்ளை படுத்திருந்தது. விரல்களை விரித்து விரித்து மூடியது.

அன்று பின்னேரம் வெளி விறாந்தையில் நிஸ்தாரையும் விஜிதாவையும் சுதர்சினி சந்திக்க வைத்தாள். இருவருக்கும் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. நிஸ்தார் நின்றுகொண்டே இருந்தான். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நானா என்று கூப்பிட்டு, விஜிதாதான் முதலில் பேசினாள்.

"நானா, நான் பால் குடுத்தா எனக்கு என்ன பொறுப்பு வரும்? அதைச் சொல்லுங்க."

"உங்களுக்கு ஒரு பொறுப்பும் வராது தங்கச்சி. பொறுப்பெல்லாம் எங்களுக்குத்தான். மகள் பெரிசானதும் நீங்க யார்னு சொல்லிக் குடுக்கணும், மதிக்கச் சொல்லிக் குடுக்கணும். உங்கட மகனும் அவளும் சகோதரம். அவங்களுக்குள்ள கலியாணம் மட்டும் ஆகாது."

விஜிதா சிரித்துவிட்டாள். பிறந்து இன்னும் கண்ணை நன்றாகத் திறக்காத இரண்டு பிள்ளைகளின் கலியாணத்தைப் பற்றி இந்த மனிதர் இவ்வளவு கவலையாகப் பேசுகிறாரே என்று அவளுக்கு வந்த சிரிப்பு அது. நிஸ்தாரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். தன் கணவனின் பயத்தையும் அவள் மறைக்காமல் சொன்னாள். என்ன நடந்தாலும் அது இறைவனுடைய நாட்டம், உங்கள் மீது ஒரு சொல் வராது, வேண்டுமானால் உங்கள் கணவரிடம் நானே பேசுகிறேன் என்றான் நிஸ்தார். பேசவும் செய்தான். விறாந்தையின் ஓரத்தில் போனோடு நெடுநேரம் நின்றான். என்ன பேசினார்களோ, கடைசியில் முத்துவீரன் மனைவியிடம், உன் மனசுக்குச் சரின்னு பட்டா செய் என்று மட்டும் சொன்னான்.

இன்னும் ஒருவர் மிச்சம் இருந்தார். சுதர்சினி மேல்மாடிக்குப் போனாள். ஸஜீதாவுக்கு நினைவு நன்றாகத் திரும்பியிருந்தது, ஆனால் எழுந்து உட்காரப் பலமில்லை. பிள்ளையை அவள் இன்னும் போனில் எடுத்த படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"அவங்கட பேர் என்ன?" என்று கேட்டாள் ஸஜீதா.

"விஜிதா."

"எனக்கு முந்தி அவங்க என்ட புள்ளைக்கு உம்மாவாகப் போறாங்க. கவலையா இருக்கு டொக்டர், இல்லன்னு சொல்லமாட்டேன். ஆனா குடுங்க. தாமதிக்க வேணாம்."

அன்றே தொடங்கினார்கள். விஜிதா எடுத்த பாலைத் தனியாகச் சூடாக்கி, போத்தலில் அவளுடைய பெயரையும் பிள்ளையின் பெயரையும் எழுதினார்கள். அதற்குள் நிஸ்தார் மகளுக்கு அம்றா என்று பெயர் வைத்திருந்தான். முதலில் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக. வயிறு ஊதவில்லை, வாந்தி வரவில்லை. அளவைக் கூட்டினார்கள். அம்றாவின் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது. நிஸ்தார் ஒருநாள் கையை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து, பெட்டியின் துவாரத்துக்குள் ஒரு விரலை விட்டான். அம்றா அதைப் பிடித்துக்கொண்டாள். அவன் அன்று கடைக்குப் போகவே இல்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் விஜிதாவின் மகனுக்குச் சுகமில்லாமல் போனது. இரத்தத்தில் கிருமி. குறைமாதப் பிள்ளைகளுக்கு எப்போதும் இருக்கிற ஆபத்துதான், யாருடைய பிழையும் இல்லை. மூச்சு இடையிடையே நின்று நின்று வந்தது. அவனுக்குப் பால் கொடுப்பதை நிறுத்தி, மருந்தும் சேலைனும் ஏற்றினார்கள். விஜிதா பால் எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வற்றிவிடும் என்று தாதிமார் சொல்லியிருந்தார்கள். எடுத்த பாலை மகனுக்குக் கொடுக்க முடியாது. அது முழுவதும் எதிர்ப்பக்கத்துப் பெட்டிக்குப் போனது.

அம்றாவின் எடை ஏறிக்கொண்டிருந்தது. மகனின் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விஜிதாவுக்கு அது கண்ணெதிரே தெரிந்தது. ஒருநாள் காலையில் பால் அறைக்கு அவள் வரவில்லை. சுதர்சினி தேடிப் போனபோது தாய்மாரின் அறையில் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"என் பாலு அந்தப் புள்ளைக்கு ஒத்துக்கிருச்சு டொக்டர்," என்றாள், திரும்பாமலே. "என் புள்ள வாயில ஒரு சொட்டு வைக்க முடியல. எனக்கு அந்தப் புள்ளையப் பாக்கவே முடியல. பாவம்னு தெரியுது. ஆனாலும் முடியல."

சுதர்சினி அவளுக்கு நியாயம் சொல்லப் போகவில்லை. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று முதல்நாளே சொல்லியிருக்கிறோம், இப்போதும் அதுதான், ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள் என்றாள். குளிர்ப்பெட்டியில் சில நாளைக்குப் போதுமான போத்தல்கள் இருக்கின்றன என்றும் சொன்னாள். மகனின் நோய்க்கும் பால் கொடுத்ததற்கும் சம்பந்தமே இல்லை என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். விஜிதா தலையை அசைத்தாள். நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை.

இந்தச் செய்தி எப்படியோ ஸஜீதாவுக்குப் போய்விட்டது. அவளை அப்போதுதான் சாதாரண வாட்டுக்கு மாற்றி, சக்கர நாற்காலியில் மகளிடம் கொண்டுவரத் தொடங்கியிருந்தார்கள். அடுத்த நாள் அவள் வந்தபோது, நாற்காலியை அம்றாவின் பெட்டிக்குத் தள்ளப்போன நிஸ்தாரைத் தடுத்து, எதிர்ப்பக்கம் போகச் சொன்னாள். விஜிதா மகனுக்குப் பக்கத்தில் இருந்தாள். இருவரும் அதுவரை முகம் பார்த்துப் பேசியதில்லை.

ஸஜீதா பாலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மகனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டதா என்று கேட்டாள். கிஷாந்த் என்று வைக்க நினைத்திருப்பதாகவும், ஆனால் இப்படிக் கிடக்கிற பிள்ளைக்கு இன்னும் வாய் திறந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை என்றும் விஜிதா சொன்னாள். ஸஜீதா கண்ணாடிக்குக் கிட்டே குனிந்து, கிஷாந்த், என்று மெதுவாகக் கூப்பிட்டாள். பிறகு தானாகவே, மேலே படுத்திருந்த நாட்களில் தன் மகளை வேறொருத்தி வளர்ப்பதாக நினைத்து நினைத்து அழுததைச் சொன்னாள்.

"உங்களைப் பார்க்காமலே உங்கமேல எனக்குக் கோவம் இருந்திச்சு தங்கச்சி. அதைச் சொல்லத்தான் முதல்ல இங்க வந்தேன்."

விஜிதா நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய மனதில் இருந்ததை வேறு யாரோ எடுத்துச் சொன்னது போல இருந்தது. எனக்கும் இருந்துச்சு அக்கா என்றாள். ஸஜீதாவின் தங்கை கொடுத்தனுப்பிய கஞ்சிப் போத்தலைத் திறந்து, மூடியில் ஊற்றி இருவரும் குடித்தார்கள். அன்று பகல் விஜிதா பால் அறைக்கு வந்தாள். தாதி போத்தலில் மறுபடி இரண்டு பெயரையும் எழுதினாள்.

கிஷாந்துக்கு மருந்து பிடித்தது. ஒரே நாளில் இல்லை. மூச்சு நிற்பது முதலில் குறைந்தது, பிறகு நின்றது. பாலை மறுபடி தொடங்கிய அன்று விஜிதா குழாயின் மேல்முனையைத் தன் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸஜீதாவுக்கும் பால் ஊறத் தொடங்கியது, போதுமான அளவு இல்லாவிட்டாலும் கொஞ்சம். அதனால் அம்றாவுக்கு ஒரு வேளை உம்மாவின் பால், ஒரு வேளை விஜிதாவின் பால். இரண்டு பிள்ளைகளும் பெட்டியை விட்டு வெளியே வந்து, தாய்மாரின் நெஞ்சோடு அணைத்துக் கட்டப்பட்டு, ஒரே வரிசையில் இரண்டு நாற்காலிகளில் இருக்க, நாட்கள் போயின. கிஷாந்துக்கு முந்தி அம்றாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸஜீதா பிறகும் ஒன்றுவிட்டொருநாள் சாப்பாட்டுப் பொதியோடு வந்துபோனாள்.

சுதர்சினியின் ஆராய்ச்சி அந்த வருடம் முடியவில்லை. அவள் விதியை மாற்றக் கேட்டுக் குழுவுக்கு எழுதினாள். குழு பல கேள்விகள் கேட்டது. பிற்காலத்தில் இரண்டு குடும்பத்துக்கும் சண்டை வந்தால் என்ன செய்வீர்கள், கொடுக்கிற தாயை யாராவது வற்புறுத்தினால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார்கள். அவை நல்ல கேள்விகள்தான். அவள் விஜிதா சுவரைப் பார்த்துப் படுத்திருந்த காலையை நினைத்துக்கொண்டு, கொடுக்கிற தாயிடம் தனியாகப் பேச ஒரு தாதியை வைக்க வேண்டும், அவளுடைய பிள்ளைக்குச் சுகமில்லாமல் போனால் அவள் கேட்காமலே இடைவெளி கொடுக்க வேண்டும் என்று புதிய விதிகளைச் சேர்த்தாள். கடைசியில் அனுமதி வந்தது. பெயர் தெரியாத பாலா, பெயர் தெரிந்த பாலா என்று குடும்பங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனபிறகு, வேண்டாம் என்ற முஸ்லிம் குடும்பங்கள் மிகச் சிலவே. அவர்களிடமும் அவள் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஆச்சரியமாக, சில சிங்களத் தாய்மாரும் கொடுத்தவரின் பெயர் தெரிய வேண்டும், போய் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்குப் போன பிள்ளைகளை ஆறாவது மாதத்தில் எடை நிறுத்துப் பார்ப்பதும் பெரிய டொக்டர் அவளிடம் கொடுத்திருந்த வேலை. கிஷாந்தைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போகவேண்டியிருந்தது. அதைக் கேள்விப்பட்ட நிஸ்தார், தாங்களும் போக நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லித் தன் வேனிலேயே அவளை ஏற்றிக்கொண்டான். ரத்தோட்டையைத் தாண்டியதும் பாதை வளையத் தொடங்கியது. அம்றா வழி முழுக்க அழுதாள்.

தோட்டத்து லய வீட்டு வாசலில் முத்துவீரன் புதுச் சட்டையோடு நின்றான். போனில் மட்டும் பேசியிருந்த இருவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். இவர்கள் சாப்பிடக்கூடியது எதுவென்று யோசித்து யோசித்து, ரொட்டியும் பருப்பும் பலாக்காய்க் கறியும் மட்டும் சமைத்திருப்பதாக அவன் கூச்சத்தோடு சொன்னான். நிஸ்தார் அதில் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான்.

சுதர்சினி தராசை உத்தரத்தில் தொங்கவிட்டு இரண்டு பிள்ளைகளையும் நிறுத்தாள். கிஷாந்த் நல்ல கனம். அம்றா கொஞ்சம் மெலிவு, ஆனால் குறைமாதத்தில் பிறந்ததற்குச் சரியான எடை. நிறுத்து முடித்ததும் அம்றா மறுபடி அழத் தொடங்கினாள். ஸஜீதா தட்டிப் பார்த்தாள், நிஸ்தார் வெளியே கொண்டுபோய்த் தேயிலைச் செடியைக் காட்டிப் பார்த்தான், ஒன்றும் சரிவரவில்லை. விஜிதா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஸஜீதாவின் முகத்தைப் பார்த்தாள். ஸஜீதா பிள்ளையை நீட்டினாள். விஜிதா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது.

மலையிலிருந்து மூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. பாதை மறைவதற்கு முந்தி இறங்கிவிடுவோமா என்று நிஸ்தார் கேட்டான். அவள் தூங்கி எழும்பட்டும் என்றாள் ஸஜீதா. முத்துவீரன் எல்லோருக்கும் இன்னொரு தரம் தேத்தண்ணி ஊற்றினான். சுதர்சினி தராசைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, கிஷாந்தை மடியில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.